அவசரத் தொடர்புக்கு யார் பெயர்?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளில் வேலைபார்த்துக்கொண்டு, கணவனையோ மனைவியையோ பிரிந்து வாழ்கிற உங்கள் எல்லோருக்கும்,



உங்களில் சிலர் கையில் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. சிலர் இன்னும் பொன்னேரிக்கும் திருவள்ளூருக்கும் வாய்தாவுக்காக லீவு போட்டு அலைகிறீர்கள். பெரும்பாலோர் கோர்ட் வாசலை மிதிக்காதவர்கள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் திரும்பி வரவில்லை. வெளியூர் வேலைக்குப் போன ஆள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, போட்ட நகையையும் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க விவாகரத்து ஆனவர்கள் ஏறத்தாழ 13 லட்சத்து 60 ஆயிரம் பேர். விவாகரத்து ஆகாமலே பிரிந்து வாழ்கிறோம் என்று சொன்னவர்கள் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டு கணக்கிலும் பெண்களே அதிகம். ஆண்கள் பலர் சீக்கிரமே மறுமணம் செய்துகொண்டு கணக்கிலிருந்து வெளியே போய்விடுகிறார்கள். பேப்பர் இருக்கிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறையில் நர்ஸாக இருக்கிறேன். ஐந்நூறு பேருக்கு மேல் வேலைசெய்யும் இடத்தில் இப்படி ஓர் அறை இருந்தாக வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வருகிற விதி. நீங்கள் ஏன் பிரிந்தீர்கள், தப்பு யார்மேல் என்று பேச நான் வரவில்லை. அதைப் பேச ஊரில் ஆள் குறைவா? உங்கள் உடம்பைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இரவு ஷிப்டில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் என் அறைக்கு வருகிறவர்கள் அநேகமாக ஒரே வார்த்தையோடுதான் வருவார்கள். "சிஸ்டர், கேஸ் டிரபிள், ஒரு மாத்திரை குடுங்க." கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பேன். 150-க்கு 100 நிற்கும். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிடும். காலையில் ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போனால் அடுப்புப் பற்றவைக்கத் தோன்றாது. டீயும் பன்னும். பகல் முழுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே புரண்டு புரண்டு படுத்தல். சாயங்காலம் நெடுஞ்சாலை ஓரக் கடையில் புரோட்டா. மறுபடியும் ஷிப்ட். வயதைப் பார்த்தால் முப்பத்தைந்தோ நாற்பதோதான் இருக்கும். "வீட்டுல யாரு இருக்காங்க?" என்று அடுத்துக் கேட்பேன். அந்தக் கேள்வி வந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

எல்லா பிரஷரும் பிரிவினால் வருவதில்லை. குடும்பத்தோடு இருக்கிறவர்களுக்கும் வருகிறது. உலைச்சூடும் இரவு வேலையும் யாரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் குடும்பத்தோடு இருக்கிறவர் ஒரு மாதம் கழித்து மறுபடி வரும்போது கையில் மாத்திரைச் சீட்டு இருக்கும், கூடவே "வீட்டுல திட்றாங்க சிஸ்டர், அதான் வந்தேன்" என்ற முறையீடும் இருக்கும். தனியாக இருக்கிறவர் மறுபடி வருவதில்லை. வந்தால், நடந்து வருவதில்லை.

இந்த வித்தியாசம் என் கண்ணுக்கு மட்டும் படுகிறதா என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ டூப்ரே குழுவினர், 1992 முதல் 2010 வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஏறத்தாழ 16 ஆயிரம் பேரின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். ஒருமுறை விவாகரத்து ஆன பெண்களுக்கு, மணவாழ்வு தொடர்ந்த பெண்களைவிட மாரடைப்பு வரும் வாய்ப்பு 24 விழுக்காடு கூடுதல். இரண்டு முறையோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு 77 விழுக்காடு. ஆண்களுக்கு இரண்டாவது முறைக்குப் பிறகுதான் அது 30 விழுக்காடு ஏறுகிறது. மறுமணம் செய்துகொண்ட ஆண்களுக்கு ஆபத்து இறங்கிவிடுகிறது, பெண்களுக்கு அவ்வளவாக இறங்குவதில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்பாரா, 11 நாடுகளில் 65 லட்சம் பேரைப் பற்றிய 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் சொன்னது: விவாகரத்து ஆனவர்கள் முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 23 விழுக்காடு கூடுதல். அமெரிக்கக் கணக்கை அப்படியே கொண்டுவந்து கும்மிடிப்பூண்டியில் பொருத்த முடியாதுதான். ஆனால் அங்கே தனியாக வீடு கேட்கும் பெண்ணிடம் "வீட்டுக்காரர் எங்க?" என்று யாரும் கேட்பதில்லை. இங்கே சுமை கூடுதலாக இருக்குமே ஒழிய, குறைவாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஓஹியோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற ஆய்வாளர் 1987-இல் கணவனைப் பிரிந்த பெண்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார். பிரிந்து ஒரு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தளர்ந்திருந்தது. அதிலும், பிரிந்தவரையே நினைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இன்னும் மோசம். மனசு ஆபத்து ஆபத்து என்று கத்திக்கொண்டிருந்தால், கார்ட்டிசாலும் அட்ரினலினும் சுரந்துகொண்டே இருக்கும். பிரஷர் ஏறும், சர்க்கரை ஏறும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவர் கையைத்தான் மிஷின் பிடிக்கிறது. விரலில் தையல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவரிடம் "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேட்காமல் நான் அனுப்புவதில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது உங்களிடம், "பாத்தியா, சிஸ்டரே சொல்லிட்டாங்க, உடம்புக்காகவாவது சேந்து வாழு" என்று வந்தால் இதையும் காட்டுங்கள். அதே கீகோல்ட்-கிளேசர் 2005-இல் 42 தம்பதிகளின் கையில் சின்னச் சின்னக் கொப்புளங்களை உண்டாக்கி, அவை ஆறும் வேகத்தை அளந்தார். ஒருவரை ஒருவர் குத்திக் குதறிப் பேசுகிற தம்பதிகளுக்கு, மற்றவர்களுக்கு ஆறுகிற வேகத்தில் 60 விழுக்காடுதான். அடியும் உதையும் இருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கிருந்து வெளியே வந்தது உடம்புக்கு நீங்கள் செய்த நல்லது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்படியானால் எதை இழந்ததால் உடம்பு கெடுகிறது? நான் பார்த்தவரையில் துணையை இழந்ததால் இல்லை. நம் உடம்பின்மேல் இருந்த ஒரு கண்ணை இழந்ததால். டெப்ரா அம்பர்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1987-லேயே இதை எழுதினார்: கூட வாழ்கிறவர்கள் ஒருவர் பழக்கத்தை ஒருவர் கண்காணிக்கிறார்கள், அதுதான் குடியையும் சிகரெட்டையும் கொஞ்சமாவது கட்டிப்போடுகிறது. "என்ன, கண்ணு மஞ்சளா இருக்கு?" "மாத்திரை போட்டியா?" "ராத்திரி பூரா இருமுன, ஆஸ்பத்திரி போ." இந்த நச்சரிப்பு நின்ற நாளிலிருந்துதான் கணக்கு ஆரம்பிக்கிறது.

இந்தக் கண் கணவனுடையதாகவோ மனைவியுடையதாகவோதான் இருக்க வேண்டுமா? இல்லை. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். கலிபோர்னியாவின் அலமேடா வட்டாரத்தில் லீசா பெர்க்மனும் லியனார்டு சைமும் ஏறத்தாழ 7 ஆயிரம் பேரை ஒன்பது ஆண்டு கவனித்து 1979-இல் எழுதினார்கள். திருமணம், உறவும் நட்பும், கோயில்-சர்ச் தொடர்பு, சங்கம்-குழு என்று நாலு வகை ஒட்டுதலைக் கணக்கில் எடுத்தார்கள். எந்த ஒட்டுதலும் அதிகம் இல்லாதவர்கள் அந்தக் காலத்துக்குள் இறந்துபோகும் வாய்ப்பு, நிறைய இருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதில் எனக்குப் பிடித்த சேதி வேறொன்று. திருமண வாழ்வு இல்லாமல், ஆனால் நண்பர்களும் உறவினர்களும் நிறைய இருந்தவர்களின் நிலை, திருமணமாகி ஆனால் உறவும் நட்பும் குறைவாக இருந்தவர்களின் நிலைக்குச் சமமாக இருந்தது. ஓர் ஒட்டுதல் அறுந்த இடத்தை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

எங்கள் ஷெட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிடுகிறேன். சி ஷிப்டில் ஒரு அண்ணன் வேலை நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. 108-க்குச் சொல்லிவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டுவிட்டு, செக்யூரிட்டியிடம் அவருடைய ஃபைலைக் கேட்டேன். வேலையில் சேரும்போது எழுதிக்கொடுத்த படிவம். 'அவசரத் தொடர்பு' என்ற கட்டத்தில் ஒரு பெண் பெயர், உறவு: மனைவி. அடித்தேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். விவரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எனக்கும் அவருக்கும் இப்ப ஒண்ணும் இல்லீங்க... அவங்க அம்மா நம்பர் தரேன், எழுதிக்கங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அம்மா நம்பர் சுவிட்ச் ஆஃப். ஆம்புலன்ஸ் வந்து நின்றது, கூட ஏற ஆளில்லை.

அப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்த ஹெல்பர் பையன் ஒருவன், அந்த அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று கம்பி இழுக்கிறவன், சூப்பர்வைசரிடம் கேட்காமலே ஏறி உட்கார்ந்தான். அவனுக்கு அவருடைய முழுப் பெயர் தெரியாது. "அண்ணா" என்றுதான் தெரியும். ஆனால் என்னிடம் சொன்னான்: "சிஸ்டர், அண்ணா சுகர் மாத்திரை... மூணு நாள்... காலி." ஆஸ்பத்திரிக்குத் தெரிய வேண்டிய சேதி அதுதான். ஃபைலில் இல்லாத சேதி. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அந்த அண்ணன் டப்பாவைத் திறந்து மாத்திரை போட்டுத் தண்ணீர் குடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். மூன்று நாளாக டப்பாவைத் திறக்கவில்லை என்பதையும் பார்த்திருக்கிறான். அண்ணன் பிழைத்துக்கொண்டார், இப்போது இலகுவான வேலையில் இருக்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது அவ்வளவுதான். உங்கள் மாத்திரை டப்பா தெரிந்த ஆட்கள் இரண்டு பேர்.

பெண்களே, உங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நானும் பிரிந்து வாழ்கிறவள்தான். சொந்த வீடு வேண்டும் என்று சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை போகிற கூட்டத்தில், வாடகை வீடு கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு நிற்கிற பெண்கள் இருக்கிறார்கள். முன்பணமும் வாடகையும் சரியாகக் கொடுக்கத் தயாராக இருந்தும், ஆம்பளைத் துணை இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கதவு சாத்தப்பட்டவர்கள். கடைசியில் கிடைக்கிற வீட்டில் அக்கம்பக்கத்தாரோடு பேச்சு வளர்ந்தால் கேள்வியும் வளரும் என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம். பிள்ளைக்கு முட்டை வேகவைத்துக் கொடுத்துவிட்டு, நமக்கு ஊறுகாயும் பழைய சோறும். "ஒருத்திக்கு எதுக்கு குழம்பு வைக்கணும்?" தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, 53 விழுக்காட்டுக்கு, ரத்தசோகை. எல்லாப் பெண்களையும் சேர்த்தே இந்த நிலை. தனக்கென்று சமைக்காத பெண்ணின் நிலையைத் தனியாக அளந்து பார்க்க வேண்டியதில்லை. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் போதும்.

பெயரும் சிக்கிக்கொண்டிருக்கும். குடும்ப அட்டையில் உங்கள் பெயர் இன்னும் அவர் வீட்டு முகவரியில் இருக்கிறது. அங்கிருந்து நீக்கினால்தான் தனி அட்டை. அந்த அட்டையை வைத்துத்தான் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். பெயரை நீக்க அவர் வீட்டுக்காரர்களைப் பார்க்கத் தயங்கி வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். பிறகு ஒருநாள் கர்ப்பப்பையில் கட்டி, உடனே ஆபரேஷன் என்று சொல்லும்போது அட்டையைத் தேடுகிறோம். வட்ட வழங்கல் அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். இதே வேலையை முன்பே முடித்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படி ஒருத்தி கட்டாயம் இருப்பாள்.

அவளை எங்கே கண்டுபிடிப்பது? சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வரும் லோக்கலில், பெண்கள் பெட்டியில் என்று நான் சொல்வேன். கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் எல்லோர் கதையும் தெரியும். அதனால் அங்கே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறோம். ரயில் அப்படி இல்லை. மீஞ்சூரில் ஒருத்தி ஏறுவாள், அனுப்பம்பட்டில் ஒருத்தி, பொன்னேரியில் ஒரு கூட்டம். ஒவ்வொருத்தியும் வேறு வேறு இடத்தில் வேலை. ஒருத்தி மடியில் கீரைக் கட்டைப் பிரித்து ஆய்ந்துகொண்டிருப்பாள், தண்டை நறுக்க அடுத்தவள் கை நீட்டுவாள். சரம் கட்டுகிற பெண் முழம் போட்டு விற்பாள், காசு நாளைக்குக் கொடுத்தாலும் சரி. ஏலச்சீட்டு அங்கேயே நடக்கும். கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு டப்பா புளிசாதம் நாலு கைக்குப் போய்விடும். வீடு எங்கே, சாதி என்ன, தாலி இருக்கிறதா என்று யாரும் துருவுவதில்லை. ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து உங்கள் இடம் காலியாக இருந்தால் மூன்றாம் நாள் போன் வரும். எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது முதலில் வந்த போன் அந்தப் பெட்டியிலிருந்துதான். "ஏன்கா வரல? பிளேட்லெட் எவ்ளோ?" என்று கேட்டவள் ஒரு உணவு பேக்கிங் கம்பெனியில் இருக்கிறாள். சாயங்காலம் இளநீரோடு வந்தாள்.

ஆண்களிடம் கொஞ்சம் வேறு மாதிரி பேச வேண்டும். உங்களுக்கு நண்பர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பார்க்கிற இடம் டாஸ்மாக் ஆகிவிட்டது. அங்கே அரசியல் பேசுகிறீர்கள், ஓ.டி. கணக்கு பேசுகிறீர்கள், கிரிக்கெட் பேசுகிறீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு பிள்ளையைப் பார்க்கக் கோர்ட் அனுமதித்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், வாங்கிப்போன சட்டை அதற்குச் சிறிதாகிப்போனதையும் யாரிடமும் சொல்வதில்லை. அது உள்ளே கிடந்து பிரஷராக வருகிறது. இங்கிலாந்தில் வயதானோரைப் பல ஆண்டு கவனித்த ஓர் ஆய்வின் விவரங்களை வைத்து, ஸ்பாராவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2019-இல் ஒன்றைக் காட்டினார்கள். பிரிந்து வாழ்கிறவர்களிடம் சாவு கூடுதலாக இருந்ததற்குப் பெரிய காரணங்கள் இரண்டு: புகைபிடிப்பது, உடம்பை அசைக்காமல் இருப்பது. இரண்டும் உங்கள் கையில் இருக்கிறவை. தலைவிதி இல்லை.

இன்னொன்று. நாற்பது வயதில் பேச்சிலர் ரூமுக்குத் திரும்பிப் போவது அவமானம் என்று நினைத்து, தனியாக ஒற்றை அறை எடுத்துத் தங்குகிறீர்கள். என் பேச்சைக் கேளுங்கள்: ரூமுக்கே போங்கள். நாலு பேர் சேர்ந்து சமைக்கிற ரூமில் முறை வைத்துச் சோறு வெந்துவிடும். நீங்கள் ராத்திரி மூச்சு வாங்கினால் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவர் விளக்கைப் போடுவார். தனி அறையில் யார் போடுவார்கள்?

இந்த வெட்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. உழைக்கிற சாதிகள் பலவற்றில் ஒத்துவரவில்லை என்றால் அறுத்துக் கட்டுகிற வழக்கம் இருந்தது. பஞ்சாயத்தில் தீர்த்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு வாழ்க்கை பார்த்துக்கொண்டார்கள். 1929 பிப்ரவரியில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு செங்கல்பட்டில் கூடியபோது, கணவனோ மனைவியோ வேண்டாம் என்றால் பிரிந்துகொள்ள உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துத் தாலுகாக்கள். 1997-இல்தான் நமக்குத் தனி மாவட்டம் வந்தது. இந்து திருமணச் சட்டம் நாடு முழுக்க வந்தது 1955-இல். சென்னை மாகாணம் அதற்கு ஆறு ஆண்டு முன்பே, 1949-இல், இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. இவ்வளவு நடந்த மண்ணில், 'வாழாவெட்டி' என்று இன்னும் ஒரு பெண்ணைச் சொல்கிறார்கள். 'பொண்டாட்டிய வெச்சுக் காப்பாத்தத் தெரியாதவன்' என்று ஓர் ஆணைச் சொல்கிறார்கள். அதைக் கேட்கப் பயந்து முதலில் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்துகிறோம். அப்புறம் ஊர்த் திருவிழா. அப்புறம் அக்கா வீட்டுக் காதுகுத்து. கடைசியில் போனில் அழைப்பு வந்தாலே எடுப்பதில்லை. பேசியவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நமக்குத்தான் ஒவ்வொரு ஒட்டுதலாக அறுகிறது.

ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாகக் கூழுக்கும் பொங்கலுக்கும் போவார்கள். சாமி நம்பிக்கை உள்ளவர்கள் இந்த ஆடிக்குப் போங்கள். குடும்பமாக வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று ஒதுங்க வேண்டாம். உங்களைப் போல இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் போங்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, காலையில் பள்ளி மைதானத்தில் வாலிபால் இருக்கிறது. பொங்கல், தீபாவளி நாட்களில் மட்டும் ஓ.டி.க்குப் பெயர் கொடுக்காதீர்கள். அன்றைக்கு இரட்டைச் சம்பளம் என்று கணக்குப் பார்க்கிறீர்கள். உண்மையில் அந்த நாளிலிருந்து ஒளிந்துகொள்ளத்தான் வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த இரவுகளில்தான் என் அறைக்கு மிக மோசமான பிரஷர்கள் வருகின்றன.

ராஜஸ்தானில் இருபத்தைந்து ஆண்டுகளாக 'ஏகல் நாரி சக்தி சங்கடன்' என்று ஒரு சங்கம் இருக்கிறது. விதவைகள், கைவிடப்பட்டவர்கள், பிரிந்து வந்தவர்கள் என்று தனியாக வாழும் பெண்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்துவது. உதய்பூரில் வாழ்ந்து வேலைசெய்த ஜின்னி ஸ்ரீவாஸ்தவா அதன் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர். நிலம், ஓய்வூதியம், ரேஷன் என்று உரிமைக்காகப் போராடுவது அவர்கள் வேலை. ஆனால் ஒருத்தியை அவள் மாமியார் வீட்டார் துரத்தினால் அடுத்த நாள் அந்த வாசலில் பத்துப் பெண்கள் போய் நிற்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிப்காட்டுக்கு அவ்வளவு பெரிய சங்கம் உடனே வந்துவிடாது. ஒரு லைன் வீட்டில் மூன்று பேர், ஒரு ஷிப்டில் நாலு பேர் போதும்.

காகிதத்தில் செய்ய வேண்டியவையும் உண்டு. எச்.ஆர். அலுவலகத்துக்குப் போய் அவசரத் தொடர்பை மாற்றுங்கள். அம்மாவின் நம்பரைத்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் சரி, ஆனால் அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஒருவர் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். அவரிடம் முதலில் கேட்டுவிட்டு எழுதுங்கள். அப்படிக் கேட்பதே ஒரு பேச்சுக்கு ஆரம்பம். பி.எஃப். நாமினியையும் பாருங்கள். சட்டப்படி விவாகரத்து ஆகாதவர்களுக்கு இதில் சிக்கல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். சம்பளம் 21 ஆயிரத்துக்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் உண்டு. டாக்டர் சான்று கொடுத்தால், தகுதி உள்ளவர்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அதனால் 'லீவு போட்டா காசு போயிடும்' என்று நெஞ்சுவலியோடு மிஷினில் நிற்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பகலில் வீட்டில் இல்லாத நமக்காக, 2024-இல் அதைத் தொழிற்சாலைகளுக்கும் கொண்டுவந்தார்கள். உங்கள் கம்பெனிக்கு வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேளுங்கள்.

மனசு தாங்காமல் போகிற ராத்திரியில் 14416-க்கு அடியுங்கள். அது டெலி மனஸ் என்ற மனநல உதவி எண்; தமிழில் பேசுவார்கள், காசில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள். தமிழ்நாட்டு சுகாதார உதவி எண் 104. பெண்களுக்கு அடியோ மிரட்டலோ வந்தால் 181. போனில் பேர் சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம்.

உங்கள் பக்கத்து மிஷினில் நிற்கிறவரும் இதைப் படித்தால் எனக்குச் சந்தோஷம். அவருக்கு ஒரு வேண்டுகோள். ஏன் பிரிந்தார் என்று கேட்காமல் இருக்க உங்களால் முடியும். கேன்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரே உட்காருங்கள், போதும்.

வாரத்தில் எந்த நாளும், எந்த ஷிப்டிலும் முதலுதவி அறைக்கு வாருங்கள். வேறு கம்பெனி என்றால் அங்கே இருக்கிற சிஸ்டரிடம் போங்கள். அவரும் என்னைப் போலத்தான். பிரஷரும் சுகரும் பார்க்கப் பத்து நிமிஷம். வரும்போது கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவருக்கும் பார்த்துவிடலாம். அளவை உங்கள் இரண்டு பேர் போனிலும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் யார் மறந்தாலும் மற்றவர் இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

அன்புடன்,
கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து உங்கள் சிஸ்டர்